ஃபில்டரில் மின்னிய துகள்கள்

கம்பத்துத் திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர், கல்யாணங்களில் பூத்தூவ வாடகைக்கு விடும் குட்டி விமானம் அது. பறக்கும்போதே ஆயில் பிரஷர் விழுந்து, பைலட் எப்படியோ அறுத்த வயலில் இறக்கிவிட்டார். அதிலிருந்தது ரோட்டரி இன்ஜின்; மெக்கானிக்கான எனக்கு அது என்றால் உயிர். ஆசையாக ஓடிப்போய்க் கழற்றினேன். ஆயில் ஃபில்டர் முழுக்க உலோகத் துகள்கள். பேரிங் தேய்ந்து, சூட்டில் நீலம் பாரித்திருந்தது.

"ஏலே, புது ஆயில ஊத்தி மூடு. நாளைக்குக் கூடலூர்ல கல்யாணம்," என்றார் தோட்டக்காரர்.

"மறுபடி பறந்தா இன்ஜின் வானத்துலயே இறுகி நின்னுரும்ணே."

"நிக்கட்டும். இன்சூரன்ஸ் இருக்குல்ல?" என்று சிரித்தார். பக்கத்தில்தான் பைலட் நின்றிருந்தார்.

பேரிங்கை பைலட் கையில் வைத்தேன். அவர் தடவிப் பார்த்துவிட்டுத் தோட்டக்காரரிடமே நீட்டினார்.

"நீங்களே ஏறித் தூவிட்டு வாங்கண்ணே."

தோட்டக்காரர் கூசவேயில்லை. கல்யாண வீட்டுக்குப் போன் போட்டு, "பைலட்டுக்குக் காய்ச்சலாம்" என்றார்.

இப்போதும் தலைக்கு மேல் விமானச் சத்தம் கேட்டால், ஆசைக்கு முன்னால் எனக்கு அந்தச் சிரிப்புத்தான் ஞாபகம் வருகிறது.