தலையாட்டி டீச்சரும் ஒரு எலுமிச்சம்பழமும்

ஜன்னல் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர், கீழே வைத்த காலி நெய் டின்னில் டொக்... டொக்... என்று விழும். பஹ்ரைன் என்றால் எனக்கு இன்றும் முதலில் கேட்பது அந்தச் சத்தம்தான்.

எண்பதுகளின் நடுவில், குதைபியாவில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். எல்.கே.ஜி.க்கு டெம்பரரி டீச்சர், அடியேன். மூன்று வாரம் சாயங்கால டிரெய்னிங் முடித்து, ஒரு பாடம் எடுத்துக்காட்டி பாஸானால்தான் வேலை பெர்மனென்ட்.

இதில் ஒரு சிக்கல். "டீச்சராகிட்டேன்" என்று திருச்சியில் இருந்த மாமியாருக்கு நான் ஏற்கெனவே லெட்டர் போட்டாயிற்று. கரும்பலகை முன்னால் கையில் சாக்பீஸோடு எடுத்த போட்டோவும் இணைப்பு. அந்த அம்மாள் அதைத் தெரு முழுக்கக் காட்டியாயிற்று. ஃபெயிலானால் நான் லீவுக்குக்கூட ஊருக்குப் போக முடியாது!

டிரெய்னிங் கொடுக்க வந்தவள் மெகன். என் வயதுதான் இருக்கும். வேல்ஸ்காரி. வெள்ளைக்காரர்கள் எல்லோருக்கும் தாய்மொழி இங்கிலீஷ்தான் என்று நினைத்திருந்த எனக்கு முதல் அதிர்ச்சி. அவள் வீட்டில் பேசியது, படித்தது, டீச்சர் டிரெய்னிங் முடித்தது எல்லாமே வெல்ஷ் மொழியில்.

இரண்டாவது அதிர்ச்சி... முதல் வாரம் முழுக்க எங்களுக்கும் வெல்ஷில்தான் பாடம் நடத்தினாள். ஒரு வார்த்தை இங்கிலீஷ் கிடையாது. புரியாத மொழியில் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் பாடு எங்களுக்குத் தெரிய வேண்டுமாம்.

நான் என்ன செய்தேன்? காலேஜில் கெமிஸ்ட்ரி வகுப்பில் செய்ததையேதான். பளிச்சென்று சிரித்து, தலையை நன்றாக ஆட்டினேன். பக்கத்தில் யாழ்ப்பாணத்து ரஜனி அக்கா எழுந்தால் எழுந்தேன், உட்கார்ந்தால் உட்கார்ந்தேன்.

"அக்கா, உங்களுக்கு எப்படிப் புரியுது?"

"எனக்கு ஒண்டும் விளங்கேல்லையப்பா! நீர் தலையாட்டினீர், அதைப் பாத்துத்தான் நான் எழும்பினன்."

ஆக, வகுப்பு நடந்தது இந்த லட்சணத்தில்.

கடைசி வாரம் டெஸ்ட். அவரவர் தாய்மொழியில், அந்த மொழி தெரியாதவர்களுக்குப் பத்து நிமிடம் பாடம் எடுக்க வேண்டும். தமிழா! எனக்கா! பேச்சுப் போட்டியில் கப் வாங்கியவளாச்சே... எலுமிச்சைச் சாறு தயாரிப்பது எப்படி என்று செந்தமிழில் நான்கு பக்கம் எழுதி மனப்பாடம் செய்தேன். தமிழ் தெரிந்த குற்றத்துக்காக ரஜனி அக்காவை வெளியே நிறுத்தினார்கள்.

மூச்சுவிடாமல் பொழிந்தேன். முன்வரிசையில் குஜராத்தி ஹன்சா பென் என்னமாய்த் தலையாட்டினார்! அந்த ஆட்டலில் நான் மிதந்தே போனேன்.

முடிந்ததும் மெகன் நான் கொண்டுவந்திருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து ஹன்சா பென்னிடம் நீட்டினாள். நான் பாடத்தில் சொன்னபடி செய்யச் சொல்லி ஜாடை.

ஹன்சா பென் பழத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு பயபக்தியோடு என் தலையை மூன்று சுற்றுச் சுற்றி, வாசலில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தார்.

வெளியே நின்ற ரஜனி அக்கா சிரித்த சிரிப்பு பக்கத்துத் தீவு முஹரக் வரை கேட்டிருக்கும்.

மெகன் சிரிக்கவில்லை. இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னாள். "முதல் வாரம் நீயும் இப்படித்தான் தலையாட்டினாய். எனக்கு அப்போதே தெரியும். அடுத்த வாரம் மறுபடி எடு."

மறுநாள் என் வகுப்பில் மர்யம், வீட்டில் அரபி மட்டுமே பேசுபவள். நான் என்ன சொன்னாலும் தலையாட்டும் தங்கக் குழந்தை. மூன்று மாதமாக அவள் நோட்டில் ஸ்டார் ஸ்டாராக ஒட்டியிருந்தேன். என்னவோ தோன்றி, "மர்யம், ரெட் கிரேயானை எடு" என்று இங்கிலீஷில் சொன்னேன்.

தலையாட்டினாள். சிரித்தாள். கை அசையவில்லை.

மூன்று மாதமாக அந்தக் குழந்தைக்கு நான் சொன்ன ஒரு வார்த்தையும் புரிந்திருக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்து, சிவப்பு கிரேயானைத் தொட வைத்து ஆரம்பித்தேன்.

அடுத்த வாரம் டெஸ்டில் செந்தமிழ் இல்லை. எடு, வெட்டு, பிழி, குடி. நான்கே வார்த்தை. செய்து காட்டினேன், ஒவ்வொருவரையும் செய்ய வைத்தேன். ஹன்சா பென் கொட்டையோடு பிழிந்து, குடித்து, முகம் சுளித்து, "குடி!" என்று மெகனிடமே நீட்டினார்.

"டா யவுன்" என்றாள் மெகன், குடித்துவிட்டு. வெல்ஷில் ரொம்ப நல்லது என்று அர்த்தம். அப்போதும் தலையாட்டினேன். ஆனால் அந்த ஒருமுறை புரிந்து ஆட்டினேன்!

இப்போது மகள் துபாய் அல் குசைஸில் இருக்கிறாள். போன மாதம் போயிருந்தேன். டாக்ஸி கூப்பிடும் ஆப்பை எனக்குச் சொல்லித் தந்தாள். இதை அமுக்கு, அதைத் தள்ளு... கடகடவென்று. நான் பளிச்சென்று சிரித்துத் தலையாட்டினேன்.

போனை என் கையில் திணித்தாள்.

"சும்மா தலையாட்டாதே, அம்மா. செஞ்சு காட்டு."

எல்.கே.ஜி.யில் இவளும் என் வகுப்புதான்... டா யவுன்.