உனக்கும் கேக்குதா தம்பி

கிள்ளான் போகும் ரயிலில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவரின் மொட்டைத் தலையில் அப்போதுதான் முடி முளைத்திருந்தது. ரயில் பிரிக்பீல்ட்ஸைத் தாண்டுவதற்குள் ஊதல் சத்தத்துக்கு ஒரு தடவை, கடலை விற்பவன் குரலுக்கு ஒரு தடவை, "உனக்கும் கேக்குதா தம்பி?" என்று கேட்டுவிட்டார். "கேக்குதுண்ணே" என்றால் முகம் மலர்ந்துவிடும்.

"பைத்தியக்கார ஆஸ்பத்திரியிலேருந்து வீட்டுக்குப் போறேன்" என்றார் கூச்சமில்லாமல். "ஒரு பொம்பளைக் குரல் ராப்பகலா என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருந்துச்சு. இப்ப நின்னுடுச்சு. ஆனாலும் எது கேட்டாலும் பக்கத்துல ஒரு வார்த்தை கேட்டுக்குவேன்."

கிள்ளானில் ஒரே கூட்டம். இறங்கப்போனவர் படியிலேயே நின்று, பின்னால் வந்த என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, ஒரு பொம்பளை என் பேரைச் சொல்லிக் கூப்பிடுறா. என் வீட்டுக்காரி 'இந்தாங்க'ன்னுதான் கூப்பிடுவா. என் பேரை அவ வாயால சொன்னதே இல்ல. உனக்கும் கேக்குதா?"

எனக்கும் கேட்டது. சிவப்புச் சேலை கட்டிய ஒரு பெண் கூட்டத்தை இடித்துக்கொண்டு, இவரைப் பார்த்துக் கையை ஆட்டியபடி, புருஷன் பெயரை ஊரறியக் கத்திக்கொண்டு வந்தாள். பக்கத்திலிருந்தவர்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். அந்தக் கூட்டத்தில் 'இந்தாங்க' என்றால் எத்தனை பேர் திரும்புவார்கள்?

"கேக்குதுண்ணே, கிள்ளானுக்கே கேக்குது. அதோ வராங்க பாருங்க" என்றேன்.

அவர் என் கையை விட்டுவிட்டுச் சிரித்தார். ஆனால் உடனே இறங்கவில்லை. அவள் இன்னொரு தடவை கூப்பிடும்வரை படியிலேயே நின்றார்.