வொய்-வொய் ஷீட்டில் மாமனார்

ஸ்விட்சைத் திருகினால் மிக்சி ஓடுவது போல ஒரு சத்தம் வரும். காற்று மட்டும் வராது. வந்த கொஞ்சநஞ்சக் காற்றிலும் காய்ந்த வைக்கோல் வாசனை...

நான் செகண்ட்ஹேண்டில் வாங்கிய முதல் காரின் ஏசி அது. ஓசூரில் ஒரு பார்ட்ஸ் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருந்தேன். மனைவி கவிதாவுக்கு ஏழாம் மாதம், வளைகாப்பு முடிந்திருந்தது. பிரசவத்துக்கு அழைத்துப் போக உத்தனப்பள்ளியில் இருந்து மாமனார் ஞாயிறு மாலை வருவதாக ஏற்பாடு. சித்திரை வெயில் வேறு.

போனில் மாமனார் சொன்னார்: "மாப்ள, உங்க வண்டில ஏசி வர்லன்னு பாப்பா சொல்லுச்சு. நான் வாடகை வண்டி ஒண்ணு புடிச்சாந்துடறனே."

எனக்கு மானம் போனது. என் மனைவியை என் காரில் நான்தான் கொண்டுபோய் விடுவேன் என்று சொல்லிவிட்டேன்.

ஞாயிறு காலை கம்பெனி நண்பர்கள் இருவர் வந்தார்கள். மெயின்டனன்ஸ் மஞ்சுநாத், குவாலிட்டி ஆரோக்கியம். இந்த இரண்டு டிபார்ட்மென்ட்டும் கம்பெனியிலேயே ஒத்துப்போகாது. என் வீட்டு வாசலில் மட்டும் ஒத்துப்போகுமா...

மஞ்சுநாத் ஸ்பேனரை எடுத்ததுமே ஆரோக்கியம் தடுத்தார். "ரூட் காஸ், அதான் மூல காரணம், தெரியாம ஒரு போல்ட்ல கை வெக்கக் கூடாது."

"இது கார், குரு. ஆடிட் இல்ல," என்றான் மஞ்சுநாத்.

ஆரோக்கியம் கேட்கவில்லை. காம்பவுண்டு சுவரில் சார்ட் பேப்பரை ஒட்டினார். கம்பெனியில் எது கெட்டாலும் ‘ஏன்’ என்று ஐந்து முறை கேட்டுக் கேட்டு எழுதுவோம். வொய்-வொய் ஷீட் என்று பேர். மஞ்சுநாத் கழற்ற, ஆரோக்கியம் கேட்க, நான் மார்க்கரால் எழுத... பக்கத்து வீட்டுக்காரர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். கவிதா மூன்று முறை டீ கொடுத்தாள், ஒருமுறை முறைத்தாள்.

மதியத்துக்கு மேல், க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருந்த ஃபில்டரை மஞ்சுநாத் உருவினான். அவன் மடியில் கொட்டியது அரைப்படி ராகிப் பதர்!

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தை மாதம் மாமனார் ஊர் ரோட்டில் ராகிக் கதிரை மணி உதிர்வதற்காகப் பரப்பிவிட்டு, "சும்மாதான நிக்குது வண்டி, நாலு ரவுண்டு மேல ஏத்துங்க மாப்ள" என்றார். நாலு ரவுண்டு நாற்பதாயிற்று. மணி அவருக்கு, பதர் எனக்கு.

"எழுதுங்க," என்றார் ஆரோக்கியம் கறாராக.

ஏன் காற்று வரவில்லை? ஃபில்டர் அடைப்பு.
ஏன் அடைப்பு? ராகிப் பதர்.
ஏன் பதர்? கதிர் மேல் வண்டி ஓட்டினோம்.
ஏன் ஓட்டினோம்? மாமனார் சொன்னார்.

நான்காவது ஏனிலேயே ரூட் காஸ் கிடைத்துவிட்டது. ‘மாமனார்’ என்பதைச் சுற்றி ஆரோக்கியமே சிவப்பு வட்டம் போட்டார்.

கேட் திறந்தது. மாலை வர வேண்டியவர் மூன்று மணிக்கே வந்து நிற்கிறார்! கண்ணாடியை மாட்டிக்கொண்டு சார்ட்டை முதல் வரியில் இருந்து படித்தார். நான் மார்க்கரை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். மஞ்சுநாத் காருக்கு அடியில் போய்விட்டான். அங்கே அவனுக்கு ஒரு வேலையும் கிடையாது.

மாமனார் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தார். ஃபில்டரை வாங்கித் தரையில் தட்டினார், ஊதினார். "மாட்டுங்க," என்றார்.

மாட்டினோம். ஜில்லென்று காற்று வந்தது. கவிதா முன் சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

உத்தனப்பள்ளியில் இறங்கியதும் பங்காளிகள் சூழ்ந்துகொண்டார்கள். மாமனார் தொண்டையைச் செருமினார்.

"வண்டிக்குள்ள எலி பூந்து கூடு கட்டிட்டிருந்துக்குது. மெக்கானிக்காலயே கண்டுபுடிக்க முடில. மாப்ளதான் தனியாளா பிரிச்சு சரி பண்ணாரு!"

நான் டிக்கியில் இருந்து பெட்டிகளை இறக்கப் போய்விட்டேன்.

இப்போது வேறு கார். ஏதாவது கோளாறென்றால் ஆப்பில் தட்டினால் போதும், சர்வீஸ் சென்டர் ஆள் வந்து எடுத்துப் போகிறார். மஞ்சுநாத் புனேவில், ஆரோக்கியம் துபாயில்... வாசலில் நாற்காலி போட்டு வேடிக்கை பார்க்க ஒன்றுமில்லை.

மாமனார் மட்டும் அந்த எலிக் கதையை விசேஷத்துக்கு விசேஷம் சொல்கிறார். எலி வருடாவருடம் பெருத்து, போன மாதம் பெருச்சாளி ஆகிவிட்டது. சொல்லட்டும். எனக்காக இவ்வளவு கூசாமல் பொய் சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்?