சிரித்து முடித்ததும் தண்ணீரைத் துடைக்கவும்

ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவர் மெழுகக்கா. பெரிய டாக்டருக்குக்கூட அப்படித்தான், அவரைவிட டாக்டர் நான்கு வயது மூத்தவர் என்றபோதிலும்.

நோயாளியின் உடம்பிலிருந்து எடுத்த பயறளவு சதையை மெழுகுக் கட்டிக்குள் பதித்து, கைச்சக்கரம் வைத்த வெட்டுப் பொறியில் மாட்டிச் சீவுவது அக்காவின் வேலை. ஒரு தலைமுடியின் கனத்துக்குள் பதினைந்து ஏடுகளாவது எடுத்துவிடுவார். ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டி ரிப்பனாக நீளும். வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் அதை மிதக்கவிட்டால் சுருக்கமெல்லாம் நீங்கி விரியும். அப்படியே ஸ்லைடில் ஏந்தி, நீலமும் இளஞ்சிவப்பும் ஏற்றி டாக்டரிடம் அனுப்புவார். செல்லின் கரு நீலமாகவும் மற்றது இளஞ்சிவப்பாகவும் தெரியும்.

அவர் கணவர் சலூன் வைத்திருந்தார். "எங்க வீட்டுல ரெண்டு பேருக்கும் கத்திதான் சோறு போடுது," என்பார் அக்கா. "அவர் வெட்டினது மறுபடி வளரும். நான் வெட்டினா, உள்ள என்ன வளருதுன்னு தெரியும்."

கணவரும் சளைத்தவரில்லை. முடியின் வேரில் இருக்கும் செல்கள் ஓயாமல் பிரிந்துகொண்டே இருப்பதால்தான் முடி வளர்கிறது என்று மனைவி சொல்லிக் கேட்ட நாளிலிருந்து, கடைக்கு வருகிறவர்களிடம் அதையே அளப்பார். "செல்லுங்க பிரியுற வரைக்கும் என் பொழப்பு பிரியாது சார்."

அக்காவிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஒரு கட்டியைச் சீவி முடித்ததும், அடுத்ததைத் தொடுமுன், மெல்லிய காகிதம் ஒன்றைத் தண்ணீரின் மேல் இழுத்துத் துடைப்பார். ஒருவருடைய துணுக்கு மிதந்துகொண்டிருந்து இன்னொருவருடைய ஸ்லைடில் ஏறிவிடக் கூடாது. இருபத்தாறு வருடத்தில் அந்தக் கை தவறியது ஒரே ஒரு முறை. அதுவும் சிரிப்பால்.

அன்றைக்கு அறிக்கைகளைத் தட்டச்சு செய்யும் அம்மா, பெரிய டாக்டரைப் போலவே நடித்துக் காட்டினார். நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடியை மேசையடியில் தேடிக்கொண்டே, "கரு பெருத்திருக்கிறது... கண்ணாடியைக் காணவில்லை... முற்றுப்புள்ளி," என்று டாக்டர் குரலில் அவர் சொல்லச் சொல்ல, அக்காவுக்கு வயிறு வலித்துவிட்டது. கண்ணீரைத் துடைத்துக்கொண்டு அடுத்த கட்டியை எடுத்தார். கண்ணைத் துடைத்தவர் தண்ணீரைத் துடைக்கவில்லை. அது அவருக்கே தெரியாது.

பத்து நாள் கழித்து ஒரு சனிக்கிழமை. அரைநாள் வேலை முடிந்து வந்து, கணவரோடு மதியச் சாப்பாட்டில் உட்கார்ந்திருந்தார்.

"நம்ம லேட்டு சார் வந்திருந்தாரும்மா," என்றார் கணவர். ரயில் நிலையத்தில் தாமத அறிவிப்புச் செய்கிறவருக்கு அவர் வைத்த பெயர் அது. "பத்து வருஷத் தாடி. எடுத்துடுங்கன்னுட்டார். திங்கக்கிழமை நாக்குல ஆபரேஷனாம். பாதி நாக்கு போயிடுமாம். கண்ணாடியையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தார், பாவம்."

"நாக்குல என்னவாம்?"

"புண்ணு. உடைஞ்ச பல்லு ஒண்ணு உரசிக்கிட்டே இருந்திருக்கு. சதை எடுத்துப் பார்த்தா புத்துநோய்னு ரிப்போர்ட்டு வந்துடுச்சு. இதுல வேடிக்கை என்னன்னா, அப்புறம் பல்லை ராவி மழுக்கிவிட்டதும் புண்ணு தானா ஆறிப்போச்சாம். வழவழன்னு இருக்குங்கறார்."

அக்கா பிசைந்த சோற்றை எடுக்கவில்லை.

"ஆறிப்போச்சா? நல்லாக் கேட்டீங்களா?"

"நாக்கை நீட்டியே காட்டினார். ஏம்மா?"

"உங்க கத்தி கன்னத்துல பட்டா என்ன ஆகுது? ரெண்டு கரையில இருக்கற செல்லும் பிரிஞ்சு பிரிஞ்சு நடுவுக்கு வரும். ஒண்ணையொண்ணு தொட்டதும் நிறுத்திக்கும். ஒவ்வொரு தடவை பிரியும்போதும் தனக்குள்ள இருக்கற குறிப்பை முழுசாப் படியெடுக்கணும். தப்பு விழுந்தா திருத்தும். திருத்த முடியலையா, அந்தச் செல்லு தன்னையே அழிச்சுக்கும். அவ்வளவு கட்டுப்பாடு."

"என் கடையில கூட அவ்வளவு கிடையாது."

"அந்தக் கட்டுப்பாடெல்லாம் ஒண்ணொண்ணா விட்டுப்போன செல்லு இருக்கே, அதுதான் புத்து. பக்கத்துல யார் தொட்டாலும் அதுக்கு உறைக்காது, பிரிஞ்சுக்கிட்டே போகும். பல்லை ராவினதும் சமர்த்தா மூடிக்கிட்டு நிக்கிற புண்ணு அது மாதிரி இல்லைங்க."

கையைக் கழுவிக்கொண்டு புறப்பட்டுவிட்டார். "சோறு?" என்று கணவர் கேட்டது தெருவில்தான் அவருக்குக் கேட்டது.

ஆய்வகத்தில் பெரிய டாக்டர் வீட்டுக்குக் கிளம்பப் பையை மாட்டியிருந்தார். அக்கா பதிவேட்டில் எண்ணைப் பார்த்து, அந்த ஸ்லைடைத் தேடி எடுத்து நுண்ணோக்கியில் வைத்தார். நாக்குச் சதை ஒழுங்காக இருந்தது. அடியில் செல்கள் பிரிகின்றன, மேலே வர வர அடங்கித் தட்டையாகின்றன. ஓரத்தில், எதனோடும் ஒட்டாமல், ஒரு சின்னத் துணுக்கு. அதில் கருக்கள் கன்னாபின்னாவென்று பெருத்து, பிரிகிற செல்கள் கண்ட இடத்திலெல்லாம் தெரிந்தன. மற்றதற்குக் குவியம் வைத்தால் அது மங்கியது. அதற்கு வைத்தால் மற்றது மங்கியது. மேலே வந்து படிந்த விருந்தாளி.

அதற்கு முந்தைய எண்ணின் ஸ்லைடை எடுத்துப் பார்த்தார். அங்கேயும் அதே கருக்கள். அந்தத் தேதியைப் பார்த்ததும் டாக்டர் குரலும் முற்றுப்புள்ளியும் காதில் கேட்டன.

யாரும் கேட்கப்போவதில்லை. அறிக்கையில் இருப்பது டாக்டரின் கையெழுத்து. அத்தனை வருடமாக ஒரு சொல் கேட்காத பெயர் அக்காவுடையது. அக்கா இரண்டு ஸ்லைடுகளையும் டாக்டர் முன் வைத்தார்.

"டாக்டர், தப்பு என்னோட தொட்டியில நடந்தது. அன்னைக்கு நான் தண்ணியைத் துடைக்கலை."

டாக்டர் பையை இறக்கினார். நுண்ணோக்கியில் நெடுநேரம் பார்த்தார். "எனக்கும் அன்னைக்கு அவசரம், மெழுகக்கா. இது ஒட்டாம நிக்குறது என் கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கணும். மெழுகுக் கட்டி மிச்சம் இருக்கா?"

இருந்தது. அக்கா அதை மறுபடி மாட்டி, அடிவரை முப்பது ஏடுகள் சீவினார். ஒவ்வொரு ரிப்பனுக்கும் தண்ணீரைத் துடைத்தார். ஒன்றில்கூட அந்த முரட்டுக் கரு இல்லை. டாக்டர் அங்கேயே தொலைபேசியை எடுத்து அறுவை மருத்துவரிடம் பேசினார். திங்கட்கிழமை கத்திக்குப் பதிலாக ஆறிய இடத்தில் புதிதாக ஒரு துளிச் சதை எடுத்தார்கள். அதுவும் சுத்தமாக இருந்தது.

கணவருக்குக் கடையில் சொல்லிப் பெருமையடிக்க வாய் துறுதுறுத்தது. அக்கா விடவில்லை.

"நான் பண்ணின தப்பை நானே திருத்தினதுக்கு மேளதாளமா? அந்த மனுஷன் பத்து நாள் தூங்கியிருக்க மாட்டார். நானே போய்ச் சொல்லிட்டு வரேன்."

போய்ச் சொன்னார். அறிவிப்பாளர் மழித்த முகவாயைத் தடவிக்கொண்டு, "தாடி போச்சேம்மா," என்றார்.

"அது வளரும் சார். நாக்கு வளராது."

மறுநாள் காலை தொட்டிக்கு மேலே சுவரில் அக்கா ஒரு அட்டையை ஒட்டினார். சிரித்து முடித்ததும் தண்ணீரைத் துடைக்கவும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் காரணம் கேட்பார்கள். அக்கா ஒளிக்காமல் சொல்லுவார். தட்டச்சு அம்மா நடித்தே காட்டுவார்.

போன மாதம் ஒரு காலை, தேநீர் ஆறும் முன் மாரடைப்பில் அக்கா போய்விட்டார். அவருடைய கண்ணாடியையும் நாற்காலித் தலையணையையும் எடுத்துப்போகக் கணவர் வந்தார். அந்த அட்டையை அவர் அதுவரை பார்த்ததில்லை. படித்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"சிரிக்கிறதுக்கும் சட்டம் போட்டுட்டாளா," என்றார்.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள், பெரிய டாக்டரும்தான். சிரிப்பு அடங்கியதும் ஒரே நேரத்தில் மூன்று கைகள் தொட்டியருகே இருந்த காகிதத்துக்கு நீண்டன.