கண்ணாடியில் ஆடியது என் ரத்தம்

செத்துப்போனவன் உயிரோடு இருப்பதாக அவன் பெண்டாட்டியை நம்ப வைத்தேன். இன்றும் நம்புகிறாள்.

அரியலூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில், ரத்தம் தடவிப் பார்க்கும் கண்ணாடிச் சில்லுகளைக் கழுவுவது என் வேலை. அஞ்சலையின் புருஷன் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் அடிபட்டான். வகை பார்க்க அவன் ரத்தம் எங்களிடம் வந்தது. மிச்சத்தை உப்புத்தண்ணீரில் கலந்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். சின்னச் சின்ன வட்டங்கள். ஒவ்வொன்றின் ஓரத் தோலும் நடுங்கிக்கொண்டே இருந்தது.

அவள் ஓடி வந்தாள்.

"செத்துட்டாருங்கிறாங்கண்ணே!"

"இங்க பாரு தங்கச்சி. ஆடுது. உசுரு இருக்கு."

நானும் அப்படித்தான் நம்பினேன்... பாடையை மறித்தாள். அவளை இழுத்துப் போட்டுவிட்டு எரித்தார்கள்.

மறுநாள் டெக்னீசியன் சிரித்தார். "யோவ், அது பாலாடைய விட மெல்லிசு தோலுய்யா. சூட்டுல தண்ணி நாலா பக்கமும் இடிக்குது, ஆடுது. செத்தவன் ரத்தமும் ஆடும். நல்ல தண்ணி ஒரு சொட்டு விடு. உப்பி வெறைச்சுக்கும். அப்புறம் ஆடாது."

விட்டேன். நின்றது. கழுவி ஊற்றினேன்.

உடனே போய்ச் சொல்லியிருக்க வேண்டாமா? எரிந்த பிறகு எதற்கு என்று இருந்துவிட்டேன்.

கருமாதி முடிந்து அவளே வந்தாள். "ஒடம்பத்தான எரிச்சாங்க? இவரு இங்கதான இருக்காரு. இன்னும் ஆடுறாராண்ணே?"

உள்ளே போனேன். என் விரலில் ஊசியைக் குத்தினேன். அந்தச் சொட்டைக் கொண்டுவந்து காட்டினேன்!

அன்று முதல் அமாவாசைக்கு அமாவாசை வருகிறாள். ஆடு குட்டி போட்டதைக்கூடக் குனிந்து சொல்கிறாள், என் ரத்தத்திடம். அவள் அப்பன் வேறு மாப்பிள்ளை பார்த்தார். "உசுரோட புருஷன வச்சுக்கிட்டா?" என்று விரட்டிவிட்டாள். ஊர் மாவட்டமானது. மறுபடி பெரம்பலூரோடு சேர்ந்தது. திரும்பவும் தனியாகப் பிரிந்தது. அவள் தலையில் நரை வந்துவிட்டது.

நீங்கள் கேட்பீர்கள், ஏன் சொல்லவில்லை என்று. முதல் நாளே சொல்லியிருந்தால் அழுதிருப்பாள், அவ்வளவுதான். இப்போது சொன்னால்...?

போன அமாவாசையில் வெகுநேரம் குனிந்திருந்தாள்.

"இன்னிக்கு ரொம்ப நடுங்குறாருண்ணே. எதையோ மறைக்கிறாரு."

என் கையில் நல்ல தண்ணீர் இருந்தது. ஒரு சொட்டு விட்டால் நின்றுவிடும். அவளும் வீட்டுக்குப் போய்விடுவாள். ஆனால் அவனை இரண்டாம் முறை சாகடித்தவன் நானாவேன்...

விடவில்லை.

நாளை அமாவாசை. ஊசியைக் கழுவி வைத்திருக்கிறேன்.