பாம்புக்காதின் வேனில் ஒரு லொடுக்

என் சின்னம்மாவுக்கு மூன்று பிள்ளைகள். நடுப்பெண் வெகுதூரத்தில் வாழ்க்கைப்பட்டுப் போனாள், அவளுக்கு இந்தக் கதையில் வேலை இல்லை. மூத்த தங்கச்சியைக் கட்டியவர்தான் நாங்கள் பாம்புக்காது என்று சொல்லும் ஆள். முதல் தடவை எங்கள் வீட்டுக்கு வந்தபோது கூடத்தில் உட்கார்ந்து காபியை ஆற்றிக்கொண்டே, "பின்கட்டுல குழாய் சொட்டுது, வாஷர் போயிருக்கு" என்றார். நடுவில் மூன்று சுவர். நான் போய்ப் பார்த்தேன், சொட்டிக்கொண்டுதான் இருந்தது. "மனுஷனுக்குப் பாம்புக் காதுப்பா" என்றார் என் அப்பா. அன்றைக்கு ஒட்டிய பெயர், பேரன் பேத்தி எடுத்த பிறகும் உதிரவில்லை.

பாம்புக்காதும் என் தங்கச்சியும் சலவைக்கடை வைத்திருந்தார்கள். நாலைந்து விடுதிகள், ஒரு ஆஸ்பத்திரி, அக்கம்பக்கத்து வீடுகள். துவைக்கிறது, தேய்க்கிறது, எடை போடுகிறது எல்லாம் தங்கச்சி. வேனில் கொண்டுபோகிறது, கொண்டுவருகிறது மாப்பிள்ளை. எந்த மூட்டை வந்தாலும் போனாலும் அவளுடைய மேடைத் தராசில் ஏறி இறங்க வேண்டும். மூட்டைகளோடு நிறுத்திக்கொண்டாளா என்றால் அதுவும் இல்லை. விருந்தாளி செருப்பைக் கழற்றினால் போதும், "ஏறி நில்லுங்க" என்பாள். உறவுமுறையையும் எடையையும் சுவரில் பென்சிலால் எழுதி வைப்பாள். பெரியண்ணன் எழுபத்தொன்று என்று நானும் அந்தச் சுவரில் இருக்கிறேன். பாம்புக்காதுக்கு நேரே நாற்பத்தாறு. முப்பது வருஷமாக அதே நாற்பத்தாறு. அவள் ஆக்கிப் போடுவதெல்லாம் எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது.

வேனுக்கு வயது இருபத்தேழு, அவர்களுடைய மூத்த மகளைவிட ஒன்று கூட. காது கூர்மையான மனுஷனுக்குப் பழைய வண்டி அமைந்தால் என்ன ஆகும்? கதவு லொடலொடத்தால் துணி சொருகுவார். ஜாக்கி உருண்டால் துணி சுற்றுவார். ஸ்டெப்னிக்கு ஒரு போர்வை, ஸ்பானர்களுக்கு ஆளுக்கொரு தலையணை உறை. கிழிந்த விரிப்புக்குப் பஞ்சமில்லாத வீடு. கடைசியில் அந்த வேனில் ஏறி உட்கார்ந்தால் பஞ்சு மெத்தைக்குள் புகுந்துகொண்ட மாதிரி இருக்கும்.

அந்த வேனில்தான் ஒரு திங்கட்கிழமை காலை லொடுக் என்றது.

பிரேக் போட்டால் லொடுக். வளைவில் திரும்பினால் லொடுக். நேராகப் போனால் பேச்சு மூச்சு இல்லை. மாப்பிள்ளை வண்டியை ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தார், ஏறினார், மறுபடியும் இறங்கினார். விடுதிக்குப் போக வேண்டிய விரிப்பு ஒரு மணி நேரம் தாமதம். மற்றவர்களுக்கு இது ஒரு சத்தம், அவ்வளவுதான். அவருக்கோ தலைபோகிற காரியம், ஏனென்றால் வெள்ளிக்கிழமை வண்டியைச் சோதனைக்குக் காட்ட வேண்டும். போன வருஷமே ஆய்வாளர் அம்மா கறாராகச் சொல்லியிருந்தார்: "வண்டிக்கு வயசாயிடுச்சு. அடுத்த தடவை எங்கயாவது சத்தம் கேட்டுச்சுன்னா கையெழுத்து போட மாட்டேன்."

கையெழுத்து இல்லையென்றால் வேன் காயலான் கடைக்கு. மாப்பிள்ளை கேட்டுக்கு.

கேட் என்றது சின்னம்மாவின் கடைசிப் பிள்ளையுடைய குடோன் கேட். அவனைக் குடோன் தம்பி என்போம். நல்லவன்தான், ஆனால் நல்லது செய்தே ஆளைக் கொன்றுவிடுவான். அக்காள் புருஷன் இந்த வயதில் மூட்டை தூக்குகிறாரே என்று அவனுக்குப் பொறுக்கவில்லை. தன் குடோன் வாசலில் ஒரு நாற்காலி போட்டு, உட்கார்ந்த இடத்தில் வேலை கொடுப்பதாக இரண்டு வருஷமாக அழைத்துக்கொண்டிருந்தான். லொடுக் சேதி காதில் விழுந்ததோ இல்லையோ, செவ்வாய்க்கிழமை காவலாளித் தொப்பியோடு வந்து இறங்கினான்.

"அத்தான், போட்டுப் பாருங்க. உங்க தலைக்கு அளவு சொல்லியே வாங்கினேன்."

"நான் செத்துட்டேன்னு எவன்டா சொன்னான் உங்கிட்ட?"

"தொப்பிதானே அத்தான் போடச் சொல்றேன், மாலையா போடச் சொன்னேன்?"

"நாள் பூரா ஒரே கேட்டப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க என்னால ஆகாது. கண்ணு கெட்டுப்போகும்."

"வண்டில போய் என் நீலக் கோடு போட்ட சட்டைய மாதிரி ஊரான் துணியத் தொலைக்கிறதுக்கு, கேட்டப் பாக்கறது மேல்."

இதையும் சொல்லிவிடுகிறேன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் குடோன் தம்பி சலவைக்குப் போட்ட நீலக் கோட்டுச் சட்டை ஒன்று திரும்பி வரவில்லை. அவன் ஆசைப்பட்டு வாங்கியது. வண்டியில் எங்கேயோ விழுந்திருக்கும் என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவன் எப்போது வந்தாலும், எந்தப் பேச்சானாலும், அந்தச் சட்டையில் வந்துதான் நிற்பான். மாப்பிள்ளை பதில் பேச மாட்டார்.

அன்றைக்கே மாப்பிள்ளை வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். ஆள் மலை மாதிரி. சக்கரத்தை ஆட்டிப் பார்த்தார், அடியில் படுத்துப் பார்த்தார், இரண்டு ரப்பரை மாற்றினார். பிறகு தானே ஏறித் தெருவைச் சுற்றி ஓட்டிவந்து, "சத்தம் போயே போச்சு" என்றார். மாப்பிள்ளை கும்பிடு போட்டுவிட்டு ஓட்டிப் போனார். இரண்டாவது வளைவில் லொடுக். திரும்பி வந்தார். மெக்கானிக் மறுபடி ஓட்டினார். ஊமையாக ஓடியது.

"சார், வண்டில கோளாறு இல்ல."

"அப்ப?"

மெக்கானிக் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

புதன்கிழமை காலை நானே போனேன். பின்னால் மூட்டைகளுக்கு நடுவே நானும், அவருக்குப் பக்கத்தில் தங்கச்சியும், ஆளுக்கொரு சாக்பீஸ். சத்தம் கேட்கிற இடத்தில் வட்டம் போட வேண்டும் என்பது மாப்பிள்ளையின் உத்தரவு. ஒரு சுற்று போய் வந்ததும் பார்த்தால், நான் பின்சக்கரத்துக்கு மேலே ஏழு வட்டம், நடுத்தரையில் ஐந்து. தங்கச்சி இடப்பக்கக் கதவில் நாலு, கண்ணாடியில் ஒன்று.

"கண்ணாடில எப்படிடி சத்தம் வரும்?"

"எனக்கு அங்கதான் கேட்டுச்சு. உங்களுக்கு?"

மாப்பிள்ளை வட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு மெதுவாக, "எனக்கு எல்லாப் பக்கமும் கேக்குது" என்றார்.

அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். மூன்று சுவர் தாண்டிச் சொட்டுத் தண்ணீரைப் பிடித்த மனுஷன், பிள்ளையைத் தொலைத்தவர் மாதிரி நின்றார்.

மத்தியானம் குடோன் தம்பி வந்தான். "சாவியக் குடுங்க, நான் பாக்கிறேன்" என்று ஏறி உட்கார்ந்தான். வேன் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. ஊரெல்லாம் சுற்றிவிட்டு வந்தான். ஒரு சத்தமும் இல்லை.

"அத்தான், கோவிச்சுக்காதீங்க. வண்டி நல்லாத்தான் இருக்கு. நீங்க ஏறினாத்தான் அதுக்கு நோவு வருது. தொப்பி எங்க வச்சீங்க?"

தங்கச்சி அப்போது ஈர விரிப்பு மூட்டையைத் தராசில் வைத்துக்கொண்டிருந்தாள். தம்பியைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு எழுந்து சுவருக்குப் பக்கத்தில் போனாள்.

"அண்ணே, மெக்கானிக் நம்ம தராசுல ஏறினப்ப எவ்வளவு?"

"எழுதியிருக்கியே. தொண்ணூத்தி நாலு."

"தம்பி நூத்தி ரெண்டு. ரெண்டு பேரும் ஓட்டினா சத்தம் இல்ல. நாப்பத்தாறு ஓட்டினா சத்தம் வருது." திரும்பினாள். "ஏங்க, போய் வண்டில உக்காருங்க."

"எதுக்கு?"

"உக்காருங்கன்னா உக்காருங்க."

உட்கார்ந்தார். அவளும் தம்பியும் ஆளுக்கொரு முனை பிடித்து அந்த ஈர மூட்டையைத் தூக்கி அவர் மடியில் வைத்தார்கள். தலையும் இரண்டு கையும்தான் வெளியே தெரிந்தன. இன்னொரு மூட்டையைக் கொண்டுவரப் போனவளை நான்தான் தடுத்தேன்.

"அடியே, கால் பூரா தண்ணி இறங்குது!"

"துவைச்ச தண்ணிதான், ஓட்டுங்க."

கடைக்குப் பின்னால் இருந்த சந்தில், மூட்டைக்கு மேல் முகவாயை ஊன்றிக்கொண்டு மெதுவாக ஓட்டினார். பிரேக் போட்டார். திருப்பினார். மறுபடியும் பிரேக். வண்டி வாயே திறக்கவில்லை. சந்துக் கோடியில் நிறுத்தி, தலையை வெளியே நீட்டி, "எனக்குக் கீழ!" என்று கத்தினார். "நான் உக்காந்திருக்கிற சீட்டுக்குக் கீழடி!"

ஊரெல்லாம் தேடியவர் தான் உட்காரும் இடத்தை மட்டும் பார்க்கவில்லை. கனமான ஆள் உட்கார்ந்தால் சீட்டு தரையோடு அமுங்கிக்கிடக்கும். நாற்பத்தாறு கிலோவுக்குச் சீட்டின் ஒரு கால் எழும்பி எழும்பி விழும், அதுதான் லொடுக். சத்தம் தகரத் தரை முழுக்க ஓடி, எங்கள் எல்லோரையும் ஏமாற்றியிருக்கிறது.

குடோன் தம்பி டார்ச் பிடித்தான். மாப்பிள்ளை ஸ்பானரைத் தலையணை உறையிலிருந்து உருவி, நாலு போல்ட்டையும் கழற்றிச் சீட்டைத் தூக்கினார். முன்பக்கத்து இடக்காலுக்கு அடியில், நைந்து பொடியாகிப்போன ஒரு துணி மடிப்பு. எப்போதோ சீட்டு கிறீச்சிட்டபோது அவரே சொருகியது. அது தேய்ந்த அளவுக்கு இடைவெளி விழுந்துவிட்டது.

"எல்லாத்துக்கும் துணி, எல்லாத்துக்கும் துணி" என்று தலையில் அடித்துக்கொண்டாள் தங்கச்சி.

தம்பி அந்த மடிப்பை எடுத்துப் பிரித்தான். வெளிச்சுற்று உதிர்ந்துபோனது. உள்சுற்று அப்படியே இருந்தது. நீலக் கோடு. ஒரு மூலையில், எத்தனை துவைத்தாலும் போகாத கறுப்பு மையில், வட்டத்துக்குள் இரண்டு புள்ளி. அந்தக் கடையில் ஒவ்வொரு வீட்டுத் துணிக்கும் ஒரு குறி உண்டு.

"அக்கா, இது யார் வீட்டுக் குறி?"

மாப்பிள்ளைதான் முந்திக்கொண்டார். "அது வந்து தம்பி, நான்தான் தெரியாம…"

"அவர் இல்லடா" என்றாள் தங்கச்சி. "நான்தான். இஸ்திரிப் பெட்டிய உன் சட்டை முதுகுல வச்சுட்டு, வாசல்ல யாரோ கூப்பிட்டாங்கன்னு போயிட்டேன். வந்து பாத்தா கப்பல் கணக்கா கரி. நீ ஆசையா வாங்கினது, எப்படிச் சொல்றது? வெட்டி, கந்தல் பெட்டில போட்டுட்டேன்."

"பதினோரு வருஷமா அத்தான வறுத்து எடுத்தேனே! நீங்களாவது சொல்லியிருக்கலாமே அத்தான்?"

"உங்க அக்காகிட்ட நீ கோவிச்சிருந்தா மூணு நாள் சோறு இறங்காது அவளுக்கு. எங்கிட்ட கோவிச்சா எனக்கென்ன? நான்பாட்டுக்கு வண்டிய எடுத்துக்கிட்டுப் போயிருவேன்."

குடோன் தம்பி அந்தக் கந்தலை மடித்துப் பையில் போட்டுக்கொண்டான். பிறகு மெக்கானிக்கிடம் அவனே நடந்து போய், சீட்டுக்கு நாலு ரப்பர் வளையம் வாங்கிவந்து கொடுத்தான். நூற்றிரண்டு கிலோ நடந்து போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை சோதனைக்கு அவனும் கூட வந்தான். ஆய்வாளர் அம்மா மாப்பிள்ளையைவிட ஒல்லி. ஏறி உட்கார்ந்ததும் தங்கச்சி என் காதில், "நாப்பத்தி நாலு இருப்பாங்க" என்றாள். மூன்று சுற்று ஓட்டினார். திடீரென்று பிரேக் போட்டார். வளைத்துத் திருப்பினார். மாப்பிள்ளை கண்ணை மூடிக் காதை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். ஒன்றும் கேட்கவில்லை.

அந்த அம்மா இறங்கி வந்தார். "இத்தனை பழைய வண்டில ஒரு சத்தமும் இல்லையே. என்னத்தையாவது மறைச்சு வச்சிருக்கீங்களா?"

"ஒரு சட்டைய மறைச்சு வச்சிருந்தாங்கம்மா" என்றான் குடோன் தம்பி. "அதையும் எடுத்தாச்சு."

அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் கையெழுத்துப் போட்டார்.

திரும்பும்போது தம்பி முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டான். காவலாளித் தொப்பி அவன் மடியில் இருந்தது. அதை மாப்பிள்ளை வாங்கிப் புரட்டிப் பார்த்தார், உள்துணியை விரலால் தடவினார்.

"நல்ல கெட்டித் துணிடா. ஜாக்கிக்கு ஆகும்."