சுந்துங்கின் சுரங்கக்குளம்

சுந்துங்குக்கு ஆறு வயதாக இருந்தபோது அவளுடைய அப்பாவின் நிலத்தில் வெள்ளீயம் இருப்பதாகக் கம்பெனிக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். அச்சாத் தினை கதிர்விட்டிருந்த நிலம். அறுவடை வரைகூட யாரும் பொறுக்கவில்லை. மேல்மண்ணை வாரிப் போட்டுவிட்டுக் கீழே போனார்கள். ஜோஸ் பீடபூமியில் எங்கே தோண்டினாலும் ஒரே கதைதான். எரிமலைக் குழம்பு எப்போதோ மூடிப் புதைத்த பழைய ஆறுகள் அடியில் கிடக்கும். அந்த ஆற்று மணலில் கறுப்பாக, கனமாக வெள்ளீய மணல் இருக்கும். அதைத் தேடி அவர்களுடைய ராப்வாங் ஊரைச் சுற்றி நாற்பது குழிகள் தோண்டப்பட்டன. குழியிலிருந்து எடுத்த மண் குன்றுகளாக நின்றது.

பதினெட்டு வயதில் அவளும் அதே குழிக்குக் கூலிக்குப் போனாள். தலையில் இரும்புச் சட்டி, சட்டி நிறைய மண், ஏற்றத்தில் நடை. "அப்பா நிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமா நானேதான் தலையில தூக்கி வெளியே கொட்டினேன்" என்று பிற்காலத்தில் சொல்லிச் சிரிப்பாள். அந்தக் குழியில்தான் டவோவைச் சந்தித்துக் கல்யாணம் செய்துகொண்டாள். நான்கு பிள்ளைகள் பெற்றாள்; மூத்தவன் கியாங். நெஞ்சு நோயில் டவோ போய்ச் சேர்ந்ததும் அந்த வேலையில் இருக்கும்போதுதான்.

அவன் போன இரண்டாம் வருடம் உலகச் சந்தையில் வெள்ளீயத்தின் விலை விழுந்தது. ஒரு திங்கட்கிழமை காலை சுரங்கத்தின் சங்கு ஊதவில்லை, அவ்வளவுதான். வெளியூர்க்காரர்கள் மூட்டை கட்டினார்கள். ராட்சதத் தோண்டு எந்திரம் நின்ற இடத்திலேயே துருப்பிடித்தது. குழியில் ஊறும் தண்ணீரை இரவும் பகலும் வெளியே தள்ளிக்கொண்டிருந்த பம்பும் ஓய்ந்தது. ஒரே மழைக்காலத்தில் குழி நிரம்பி, விளிம்பு வரை நீலமாகத் தளும்பியது.

அந்தத் தண்ணீரை ஊரார் யாரும் நெருங்கவில்லை. அடி தெரியாத ஆழம், உள்ளே பேய் இருக்கிறது என்றார்கள். இரண்டு மாடுகள் விழுந்து செத்தபின் பேச்சு உறுதியாயிற்று. ஆனால் சுந்துங்குக்குப் பேயைவிட ஐப்பசிக்குப் பிறகு வரும் ஆறு மாத வறட்சியே பயம். பாலைக்காற்று அடித்து உதடு வெடிக்கும், புல்கூட இருக்காது. நான்கு வயிறுகள். கீழே அவ்வளவு தண்ணீர் இருக்க, மேலே மண் ஏன் காய வேண்டும் என்று ஒருநாள் அவளுக்குத் தோன்றிற்று.

பழைய இரும்புச் சட்டியை எடுத்தாள். முன்பு மண் சுமந்த அதே ஏற்றத்தில் இப்போது தண்ணீர் சுமந்தாள். கரைமேட்டில் நான்கு பாத்தி கட்டி உருளைக்கிழங்கு நட்டாள். விளைந்தது ஒரு கூடை. ஒவ்வொன்றும் கோலாக்கொட்டை அளவு. பக்கத்து வீட்டுக் கங்யாங் எடுத்துப் பார்த்துவிட்டு, "கல்லுல நட்டா கல்லுதான் முளைக்கும். கூழாங்கல்லுக்கு இது பரவாயில்ல" என்றாள். சுந்துங் அந்தக் கூழாங்கற்களை அவித்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள். உப்பு கொஞ்சம் தூக்கலாகப் போட்டாள்.

மறு வருடம் அவள் தண்ணீர் சுமப்பதைப் பார்த்துக்கொண்டு ஒருவன் கரையில் உட்கார்ந்திருந்தான். கானோ பக்கத்து ஹவுசாக்காரன் தன்லாமி. சுரங்கத்தில் இருபத்திரண்டு வருடம் பம்பு ஓட்டியவன். திரும்பிப் போகச் சொந்த ஊரில் வீடில்லாததால் இங்கேயே தங்கி, சந்தையில் மாவரைக்கும் எஞ்சின்களுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கியாங்கம்மா, இந்தத் தண்ணிய வெளிய தள்ளியே என் ஆயுசு போச்சு. நீ ஒரு சட்டியில அள்ளுறதப் பாத்தா எனக்கே வெக்கமா இருக்கு" என்றான்.

"வெக்கமா இருந்தா எழுந்து வந்து ஒரு சட்டி தூக்குங்கண்ணே."

அவன் சட்டி தூக்கவில்லை. பத்து நாள் கழித்துப் பழைய மாவு எஞ்சின் ஒன்றையும், சுரங்கத்தில் கைவிடப்பட்ட குழாய்களையும் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு வந்தான். முதல் நாள் எஞ்சின் இருமிவிட்டு நின்றது. இரண்டாம் நாள் குழாய் காற்றைத்தான் குடித்தது. மூன்றாம் நாள் குழாயின் வாயிலிருந்து சேறு கலந்த தண்ணீர் கொட்டியபோது சுந்துங் மண்வெட்டியோடு வாய்க்காலின் கூடவே ஓடினாள், ஓடிக்கொண்டே அழுதாள்.

மண்ணுக்கு உயிர் கொடுத்தது வேறொருத்தி. அந்தப் பக்கம் மாடு மேய்க்கும் ஃபுலானிக்காரி ஹூரே, இரவுக்கு மாடுகளைச் சுந்துங்கின் பாத்திகளிலேயே கட்டிவைக்க ஒப்புக்கொண்டாள். சாணமும், நகரத்துக் குப்பை எரித்த சாம்பலும் சேர்ந்து மூன்றே வருடத்தில் வெறும் மணலைக் கறுப்பாக்கின. அதன்பிறகு முட்டைக்கோஸ் மனிதத் தலையளவு வந்தது. கங்யாங்கும் பக்கத்தில் பாத்தி கட்டினாள்.

அந்த மூன்றாம் வருடக் கோடையில்தான் அது நடந்தது. தண்ணீர் இறங்கிவிட்டதால் பம்பைக் கீழே நகர்த்தத் தன்லாமி சரிவில் இறங்கினான். கரை தளர்மணல். சத்தமே இல்லாமல் சரிந்து அவனைத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டது. இருபத்திரண்டு வருடம் தண்ணீரோடு மல்லுக்கட்டியவனுக்கு நீச்சல் தெரியாது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. கை ஒருமுறை மேலே வந்தது, பிறகு காணவில்லை. சுந்துங் கரையில் குப்புறப் படுத்து, எஞ்சினில் மாட்டியிருந்த ரப்பர்க் குழாயைப் பிடுங்கி, அவன் மறைந்த இடத்தில் வீசினாள். குழாய் இறுகியது. இருபது வருடம் மண் சுமந்த கழுத்தும் தோளும் அன்றைக்கு உதவின. அவனை இழுத்துக் கரையில் போட்டபோது அவளுடைய முழங்கைகள் இரண்டும் தோல் உரிந்திருந்தன.

இருமி முடித்ததும் தன்லாமி, "பேய் இருக்குன்னு சொன்னாங்க. அடியில நல்லாத்தான் தேடினேன், ஒண்ணுமில்ல" என்றான். பிறகு, "என் வீட்டுக்காரி அடுத்த மாசம் பிள்ளை பெறணும் கியாங்கம்மா" என்றான்.

பிறந்தது பெண். அவன் வைத்த பெயர் லாமி. ஆனால் வீட்டில் எல்லோரும் சுந்துங் என்றே கூப்பிட்டார்கள்.

இன்று அந்தக் குழியைச் சுற்றி அறுபது குடும்பங்கள் பயிர் செய்கின்றன. தை மாதத்தில் கேரட்டும் முட்டைக்கோஸும் ஏற்றிக்கொண்டு லாரிகள் லாகோஸ் வரை போகின்றன. சுந்துங்குக்கு எழுபது தாண்டிவிட்டது. கியாங் பள்ளிக்கூட வாத்தியார்.

போன வருடம் தேவாலயத்தில் அறுப்பின் நன்றி ஆராதனை. விளைச்சல் கூடையை முன்னால் வைத்துவிட்டு இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். கடவுளுக்கு நன்றி சொன்னபின் அவள் உட்காரவில்லை. மழைக்கு நன்றி சொன்னாள். ஹூரேயின் மாடுகளுக்கு, அவற்றின் சாணத்துக்கும் சேர்த்து, நன்றி சொன்னாள். பின்வரிசையில் பிள்ளைகள் சிரித்தார்கள். பள்ளிவாசலுக்குப் போகிற தன்லாமிக்கு நன்றி சொன்னாள். போதகர் ஒரு நொடி யோசித்து, "ஆமென்" என்றார்.

அவளுக்கு முன்னதாகவே செய்தி சந்தைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மறுநாள் தன்லாமி கைத்தடியை ஊன்றிக்கொண்டு தோட்டத்துக்கு வந்தான்.

"மாட்டுச் சாணத்துக்கு அப்புறம்தான் என் பேரு வந்துதாமே?"

"வரிசை பாத்தா சொன்னேன்? ஞாபகம் வந்தபடி சொன்னேன்."

அவன் எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அதன் சத்தத்தைச் சற்றுநேரம் காதுகொடுத்துக் கேட்டான். வடிகட்டியைச் சுத்தம் செய்ய வேண்டும் என்றான். அவள் கந்தைத்துணி எடுத்து வரப் போனாள்.